16 போர்ட் சுவிட்ச் ஒன்றா, 8 போர்ட் இரண்டா? மாடிக்குப் போகும் லைன் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை

புதுமனை:

வணக்கம். கீழ்த்தளத்தில் சின்ன ஆபீஸ், மாடியில் வீடு. இரண்டையும் வயர் நெட்வொர்க்கில் இணைக்க வேண்டும். ரவுட்டர் கீழே இருக்கிறது, அதில் லேன் போர்ட் (உள் நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) நாலுதான்.

கீழே இணைக்க வேண்டியவை: 2 டெஸ்க்டாப், பிரிண்டர், கேமராப் படங்களைப் பதிவு செய்யும் என்விஆர், 2 கேமரா, 1 அக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி). மாடியில் 1 டெஸ்க்டாப், டிவி, 2 கேமரா, 1 அக்சஸ் பாயின்ட். கேமராக்களும் அக்சஸ் பாயின்ட்களும் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுப்பவை. என்விஆரில் பிஓஇ போர்ட் கிடையாது. மாடிக்குச் சுவருக்குள் 25 மி.மீ. குழாய் போகிறது, அதில் கேட் 5இ கேபிள் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, நீளம் சுமார் 30 மீட்டர்.

என் சந்தேகங்கள்: 16 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) ஒன்று வாங்கிக் கீழே வைப்பதா, இல்லை தளத்துக்கு ஒன்றாக 8 போர்ட் இரண்டா? பிஓஇ எத்தனை வாட் பார்த்து வாங்க வேண்டும்? அந்தச் சுவர் கேபிளில் மடிக்கணினியைச் செருகினால் 100 எம்பிபிஎஸ் மட்டுமே காட்டுகிறது, சில நேரம் விட்டு விட்டு வருகிறது. இன்னொன்று, மாடியில் பழைய ரவுட்டர் ஒன்று வைஃபை ரிப்பீட்டராக ஓடுகிறது. அதை வயரிலும் இணைக்கலாமே என்று இரவல் வாங்கிய 5 போர்ட் சுவிட்சில் செருகியதும் வீடு முழுக்க நெட் நின்றுவிட்டது. சுவிட்ச் கெட்டுப்போனதா?

செம்புக்கம்பி:

முதலில் போர்ட் கணக்கு. சாதனங்கள் 12, ரவுட்டருக்கு 1, ஆக 13. ஒரே சுவிட்ச் என்றால் 16 போர்ட் போதும், 3 மிச்சம்.

8 போர்ட் இரண்டு என்றால் மொத்தம் 16 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இரண்டு சுவிட்சையும் இணைக்கும் கேபிள் இரு பக்கமும் ஒவ்வொரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். கீழே உங்களுக்கு 7 சாதனம், ரவுட்டர், மாடி லைன், மொத்தம் 9 வேண்டும். 8-இல் அடங்காது. வழி இருக்கிறது: ரவுட்டரின் 4 லேன் போர்ட்டும் ஒரு சின்ன சுவிட்ச்தான், அவற்றை வீணாக்க வேண்டாம். ஒன்றில் கீழ்ச் சுவிட்ச், மற்ற மூன்றில் 2 டெஸ்க்டாப்பும் பிரிண்டரும். அப்போது கீழ்ச் சுவிட்சில் ரவுட்டர், மாடி லைன், என்விஆர், 2 கேமரா, அக்சஸ் பாயின்ட் என 6 போர்ட். மாடிச் சுவிட்சிலும் 5 சாதனமும் லைனும் சேர்ந்து 6. இரண்டிலும் இரண்டிரண்டு மிச்சம். ரவுட்டரின் லேன் போர்ட்கள் 1 ஜிபிபிஎஸ்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் 100 எம்பிபிஎஸ்தான்.

என் தேர்வு ஒரே 16 போர்ட்தான். ஒரு இடத்தில் யுபிஎஸ் வைத்தால் கேமரா, வைஃபை எல்லாம் அதிலேயே நிற்கும், பழுது தேடவும் ஒரே இடம். ஆனால் அதற்கு மாடிக்கு 5 கேபிள் போக வேண்டும். குழாயின் உள்விட்டம் 22 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 380 சதுர மி.மீ. அதில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, அதாவது 152. 6 மி.மீ. தடிமனுள்ள கேட் 6 ஒன்று 28 எடுக்கும், ஐந்து போட்டால் 141. நேர்க் குழாயாக இருந்தால் போகும். வளைவு அதிகம் இருந்தால் இழுக்காதீர்கள், உள்ளே கம்பி ஜோடிகளின் முறுக்கு கலைந்துவிடும்.

இப்போது வாட். பெட்டியில் "802.3ஏடி, ஒரு போர்ட்டுக்கு 30 வாட்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பார்க்க வேண்டியது மொத்த பிஓஇ பட்ஜெட், அதாவது எல்லா போர்ட்டுக்கும் சேர்த்துச் சுவிட்ச் தரக்கூடிய வாட். கேமராவின் லேபிளில் உள்ள அதிகபட்ச வாட்டை எடுங்கள். பகலில் 4, 5 வாட்டில் ஓடும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் 8, 9 வாட்டுக்குப் போகும். கேமரா 9, அக்சஸ் பாயின்ட் 20 என்று வைத்தால் ஒரு தளத்துக்கு 9+9+20 = 38 வாட், இரண்டுக்கும் 76. தளத்துக்கு ஒரு சுவிட்ச் என்றால் 60 வாட் பட்ஜெட் உள்ளது தாராளம். ஒரே சுவிட்ச் என்றால் 120 வாட் பாருங்கள். பட்ஜெட் பற்றாவிட்டால் பகலில் எல்லாம் நன்றாகவே ஓடும். இருட்டியதும் ஒரு கேமரா அணைந்து அணைந்து எரியும். கேமராதான் பழுது என்று அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

8 போர்ட் பிஓஇ சுவிட்ச் என்று விற்பவற்றில் பலவற்றுக்கு 4 போர்ட்டில் மட்டும்தான் பிஓஇ வரும். உங்களுக்குத் தளத்துக்கு 3 போதும் என்பதால் அது சரிப்படும், கேமராவைச் சரியான போர்ட்டில் செருகினால் போதும். 24 வோல்ட் பாசிவ் பிஓஇ என்று ஒரு வகை உண்டு. அது எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்காமலே மின்சாரத்தை அனுப்பும். 802.3ஏஎஃப், ஏடி என்ற பிஓஇ தரங்கள் எழுதியிருப்பதையே வாங்குங்கள். இவை முதலில் சோதித்துப் பார்த்து, எதிரில் பிஓஇ சாதனம் இருந்தால் மட்டுமே மின்சாரம் விடும். அதனால் டிவியையோ டெஸ்க்டாப்பையோ பிஓஇ போர்ட்டில் செருகினாலும் ஒன்றும் ஆகாது.

எட்டுமுனை:

100 எம்பிபிஎஸ் விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பிளக்ல இருக்கிற எட்டுக் கம்பியில 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேணும். அதனால 100-லயே நிக்குதுன்னா முதல் சந்தேகம் 4, 5, 7, 8-ல ஒண்ணு தொடலைங்கறதுதான். சாதா எல்இடி டெஸ்டர் ஒண்ணு வாங்கி இரண்டு முனையிலயும் மாட்டிப் பாருங்க. அதுக்கு முன்னாடி பேட்ச் கார்டை (இரு முனையிலயும் பிளக் உள்ள குட்டிக் கேபிளை) மாத்திப் பாருங்க. நாலு கம்பி மட்டும் உள்ள பழைய பேட்ச் கார்டு இன்னும் புழக்கத்துல இருக்கு.

கேட் 5இ-ன்னு கவலைப்படாதீங்க. 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் தாராளமா தாங்கும், உங்களுது 30 மீட்டர்தான். கேபிள் ஜாக்கெட்ல என்ன அச்சிட்டிருக்குன்னு படிங்க. சிசிஏ-ன்னு இருந்தா அது செம்பு பூசின அலுமினியம். மின்தடை அதிகம், முனையில மடக்கினா உடையும், பிஓஇ அனுப்பினா சூடாகும். கத்தியால கம்பியைச் சுரண்டினா உள்ளே வெள்ளையா தெரியும்.

மூலைராக்:

உங்கள் சுவிட்ச் கெடவில்லை. அது லூப். பழைய ரவுட்டர் வைஃபை வழியாகக் கீழ் ரவுட்டரோடு ஏற்கெனவே இணைந்திருக்கிறது, நீங்கள் வயரிலும் இணைத்ததும் ஒரே இடத்துக்கு இரண்டு பாதை வந்துவிட்டது. "இந்த ஐபி யாருடையது?" என்று ஒரு கணினி கேட்கும் பிராட்காஸ்ட் ஃபிரேமை (எல்லோருக்கும் போகும் செய்தித் துண்டை), வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டுக்கும் சுவிட்ச் அனுப்பும். வட்டம் இருந்தால் அது சுற்றி வந்து மறுபடி நகலாகும். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஒரு ஆயுள் எண் உண்டு, ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. ஆகவே தானாக அடங்காது. சில நொடிகளில் லைன் முழுக்க அதுவே நிறைந்துவிடும்.

அடையாளம்: சுவிட்சில் எல்லா போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னும். சாதாரணமாக ஒவ்வொன்றும் தன் போக்கில்தான் மின்ன வேண்டும். அப்படிப் பார்த்தால் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கியதும் அடங்குகிறதோ அதில்தான் வட்டம். ஒரே பேட்ச் கார்டின் இரு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருப்பதும், ஐபி போனின் இரண்டு போர்ட்டும் சுவருக்குப் போயிருப்பதும் ஆபீஸ்களில் அடிக்கடி நடக்கும்.

பழைய ரவுட்டரை வைத்துக்கொள்ள விரும்பினால் ரிப்பீட்டர் மோடை நிறுத்திவிட்டு அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோடு இல்லாத மாடலில் கையால் செய்யலாம். முதலில் தனியாக ஒரு மடிக்கணினியோடு மட்டும் இணைத்து, அதன் ஐபியை மாற்றுங்கள். முதன்மை ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. இந்த எண் முதன்மை ரவுட்டர் பங்கிடும் வரிசைக்குள் வரக் கூடாது. பிறகு இதிலுள்ள டிஎச்சிபியை (கணினிகளுக்கு ஐபி முகவரி பங்கிடும் வேலையை) அணையுங்கள். கடைசியில் சுவிட்சிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், வேன் போர்ட்டில் (இணையம் வரும் துளையில்) அல்ல. டிஎச்சிபியை அணைக்க மறந்தால் சில கணினிகள் இதனிடம் முகவரி வாங்கிக்கொண்டு நெட் இல்லாமல் நிற்கும், சில நன்றாக ஓடும். அதுதான் தேடுவதற்கு மிகவும் சிரமமான கோளாறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1, மாடியில் 6 அல்லது 11 என்று பிரித்து வையுங்கள்.

சுவிட்சில் அப்லிங்க்குக்கு (ரவுட்டருக்கோ இன்னொரு சுவிட்சுக்கோ போகும் இணைப்புக்கு) என்று தனி போர்ட் தேட வேண்டாம், எந்த போர்ட்டிலும் செருகலாம். கிராஸ் கேபிளும் தேவையில்லை, இப்போதுள்ளவை தாமாகவே மாற்றிக்கொள்ளும். இணைய மோடம் தனிப்பெட்டியாக இருந்தால் வரிசை மோடம், ரவுட்டர், சுவிட்ச். மோடத்தை நேரே சுவிட்சில் செருகினால் ஒரே ஒரு கருவிக்கு மட்டும் நெட் வரும், மற்றவை காத்துக் கிடக்கும்.

புதுமனை:

எல்லோருக்கும் நன்றி. ரிப்பீட்டரை நிறுத்தியதும் லூப் போய்விட்டது. குழாயில் மூன்று வளைவு இருக்கிறது, ஒரு கேபிள்கூடக் கூடுதலாக இழுக்க முடியவில்லை. ஆகவே 8 போர்ட் இரண்டு என்று முடிவு செய்துவிட்டேன். அப்படியானால் அந்த ஒரே கேபிள்தான் மாடி முழுவதையும் சுமக்க வேண்டும்.

ஆனால் டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் இரு பக்கமும் வரிசையாக எரிகிறது. ஜாக்கெட்டில் சிசிஏ என்று இல்லை, சுரண்டினால் செம்பாகவே தெரிகிறது. பேட்ச் கார்டும் புதிது. இருந்தும் 100-தான். வேறு என்ன இருக்கும்?

எட்டுமுனை:

எட்டும் வரிசையா எரியுதா? அப்போ ஜாக் மூடியைக் கழட்டிக் கம்பிகளோட நிறத்தைப் பாருங்க. இடமிருந்து வலமா என்ன வரிசைன்னு இரு முனைக்கும் எழுதுங்க.

புதுமனை:

ஜாக் இல்லை, இரு முனையிலும் நேரடியாக ஆர்ஜே 45 பிளக்தான் கிரிம்ப் செய்திருக்கிறது. இரண்டிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

எட்டுமுனை:

கிடைச்சிருச்சு. இதுக்குப் பேர் ஸ்ப்ளிட் பேர். பார்க்க அழகா ஜோடி ஜோடியா இருக்கும், ஆனா தப்பு. பிளக்ல 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. 3-ம் 6-ம்தான் ஒண்ணுக்கொண்ணு துணை, 3-ம் 4-ம் இல்லை. உங்க கேபிள்ல 3-ல வெள்ளை-பச்சை, 6-ல நீலம். ஒரே சிக்னலோட போகும் கம்பியும் வரும் கம்பியும் வெவ்வேறு முறுக்குல போகுது. 4-5 கதையும் அதேதான், பச்சையும் வெள்ளை-நீலமும்.

ஒரே முறுக்குல இருக்கிற இரண்டு கம்பியிலயும் வெளிச் சத்தம் ஒரே அளவுல ஏறும், வாங்குற பக்கம் இரண்டோட வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கிறதால அந்தச் சத்தம் கழிஞ்சிரும். முறுக்குக்கு இருக்கிற வேலையே அதுதான். நீங்க வெவ்வேறு முறுக்குல பிரிச்சுட்டா கழியாது, பச்சை ஜோடியும் நீல ஜோடியும் ஒண்ணுல இன்னொண்ணு பேச ஆரம்பிக்கும். உங்க எல்இடி டெஸ்டர் ஒவ்வொரு கம்பியும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேருதான்னு மட்டும்தான் பார்க்கும். யார் யாரோட முறுக்கியிருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. அதான் எட்டும் எரியுது. சுவிட்சும் மடிக்கணினியும் 1 ஜிபிபிஎஸ்ஸுக்குப் பேசி ஒத்துக்கிட்டு, ஓடிப் பார்த்து, முடியாம 100-க்கு இறங்குது. 100-லயும் 3-6 தேவைங்கறதால அங்கேயும் பிழை வந்து விட்டு விட்டுப் போகுது.

இரு முனையையும் வெட்டிட்டு 568பி-ங்கற நிற வரிசையில மறுபடி போடுங்க: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீல ஜோடியை இரு கையாலயும் அணைச்ச மாதிரி நடுவுல வச்சிருக்கும், அதை ஞாபகம் வச்சுக்கிட்டா வரிசை மறக்காது. கிளிப் அடிப்பக்கம், கேபிள் நுழையற வாய் உங்க பக்கம்னு பிளக்கைப் பிடிச்சா இடது ஓரம்தான் 1.

சுவர்ல ஓடற கேபிள் ஒற்றைக் கம்பி வகை, அதாவது எட்டுல ஒவ்வொண்ணும் பல இழையா இல்லாம ஒரே கம்பி. அதுக்குப் பிளக் போடறதைவிட இரு முனையிலயும் கீஸ்டோன் ஜாக் (பிளக்கைச் செருகுற துளை) வச்சு, அங்கிருந்து ரெடிமேட் பேட்ச் கார்டு போடறதே நல்லது. பிளக் முனையை அடிக்கடி அசைச்சா ஒற்றைக் கம்பி உள்ளேயே முறியும். ஜாக் வாங்கினா அதோட பக்கவாட்டுல ஏ, பி-ன்னு இரண்டு நிற அட்டவணை ஒட்டியிருக்கும், இரு முனையிலயும் பி-யையே பாருங்க. ஜாக் உள்ளே ஜோடிகளை அதுவே சரியான முனைக்குக் கொண்டுபோயிரும், நீங்க நிறத்துக்கு நிறம் வச்சா போதும். முறுக்கைக் கடைசி வரைக்கும் கலைக்காம அப்படியே விடுங்க, பிரிக்கிறது 13 மி.மீ.க்கு மேல போகக் கூடாது. ஜாக்ல கம்பியை அழுத்தி ஏத்துற பஞ்ச் டூல்ல வெட்டும் விளிம்பு வெளிப்பக்கம் இருக்கணும், திருப்பிப் பிடிச்சா உள்ளே போற கம்பியையே வெட்டிரும். ஜாக்கெட்டை உரிக்கும்போது பிளேடு உள்கம்பியைத் தொட்டுதான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. கீறல் விழுந்த கம்பி இன்னிக்கு வேலை செய்யும், ஆறு மாசத்துல உடையும்.

முடிச்சதும் இரண்டு கணினியில ஐபெர்ஃப் 3-ங்கற வேகம் அளக்குற மென்பொருளைப் போட்டு, ஒண்ணை சர்வராவும் ஒண்ணை கிளையன்ட்டாவும் ஓட்டிப் பாருங்க, அப்புறம் திசையை மாத்தி ஓட்டுங்க. இரு திசையிலயும் 940 எம்பிபிஎஸ் பக்கம் வரணும். ஃபிரேம் தலைப்பு, இடைவெளி எல்லாம் போக ஒரு ஜிபிபிஎஸ் லைன்ல கிடைக்கிறது அவ்வளவுதான்.

செம்புக்கம்பி:

எட்டுமுனை சொன்னதோடு ஒன்று. என்விஆரைக் கீழ்ச் சுவிட்சிலேயே வைக்கலாம், தப்பில்லை. மாடிக் கேமரா இரண்டும் ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் அனுப்பினாலும் 8-தான், 1 ஜிபிபிஎஸ் லைனுக்கு அது பொருட்டே இல்லை. அந்த லைனை உண்மையில் நிரப்பக்கூடியது மாடி டெஸ்க்டாப்பில் பெரிய ஃபைல் நகலெடுப்பது. 100-இல் நொடிக்கு 11, 12 மெகாபைட் வந்தது இனி 110 வரை வரும்.

கேபிள் கட்டும்போது பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கடிக்க வைக்காதீர்கள், வெல்க்ரோ பட்டை போதும். கேட் 6 வளைக்கும்போது கேபிள் தடிமனைப்போல 4 மடங்கு ஆரம், அதாவது சுமார் 25 மி.மீ. வேண்டும். மின்சார வயரோடு ஒரே குழாயில் ஓட்டவே கூடாது. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் 90 பாகையில் கடக்கட்டும்.

மூலைராக்:

சுவிட்ச் வாங்கும்முன் ஒரு வார்த்தை. உங்கள் தேவைக்கு அன்மேனேஜ்டு (அமைப்பு எதுவும் மாற்ற முடியாத சாதா வகை) போதும், செருகினால் ஓடும். ஆனால் உங்களுக்கு ஒருமுறை லூப் வந்திருக்கிறது, ஆபீசும் இருக்கிறது. லூப் தடுப்பும் விலேனும் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி) உள்ள ஸ்மார்ட் வகையை எடுத்தால் நல்லது. எந்த போர்ட்டில் எத்தனை பிழை விழுகிறது என்று பிரவுசரில் திறக்கும் அதன் அமைப்புப் பக்கத்திலேயே எண்ணிக்கை தெரியும். மேலே பேசிய ஸ்ப்ளிட் பேர் அங்கே சிஆர்சி பிழையாக (சேதமாகி வந்த ஃபிரேம்களின் கணக்காக) முதல் நாளே தெரிந்திருக்கும்.

கேமராக்களையும் என்விஆரையும் தனி விலேனில் பிரிக்கத் தோன்றும். உங்கள் ரவுட்டருக்கு விலேன் தெரியாவிட்டால் பிரிக்காதீர்கள், பிரித்தால் ஆபீஸ் கணினியிலிருந்து என்விஆரைப் பார்க்க முடியாது. ரவுட்டருக்குத் தெரியுமென்றால், அவற்றின் விலேனுக்கு 20 என்று எண் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா, என்விஆர் போர்ட்கள் 20-இல் அன்டேக்டு (ஃபிரேமில் விலேன் எண் ஒட்டாமல்), இரண்டு சுவிட்சையும் இணைக்கும் போர்ட் 20-இல் டேக்டு (எண் ஒட்டி). ரவுட்டருக்குப் போகும் போர்ட்டும் அப்படியே. அதோடு கேமரா, என்விஆர் போர்ட்களின் பிவிஐடியையும் (எண் ஒட்டாமல் உள்ளே வருவது எந்த விலேனுக்குப் போகும் என்ற அமைப்பை) 20 ஆக்க வேண்டும். சின்ன ஸ்மார்ட் சுவிட்சுகளில் அது வேறு பக்கத்தில் இருக்கும், பெரும்பாலோர் தவறவிடுவது அதைத்தான். மாற்றாவிட்டால் கேமராவிலிருந்து வருவது ஆரம்பத்திலிருந்தே உள்ள விலேன் 1-க்குள் போய்விடும், கேமராவுக்குப் போக வேண்டியது மட்டும் 20-இல் நிற்கும்.

வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புவது ஃபுல், மாறி மாறி அனுப்புவது ஹாஃப்) எல்லா இடத்திலும் ஆட்டோவிலேயே விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் 100 ஃபுல் என்று கட்டினால் மறுபக்கம் ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். பிங் நன்றாகப் போகும், ஃபைல் நகலெடுத்தால் ஊர்ந்து போகும்.

பிற்பாடு எதிர்க் கட்டடத்துக்கோ தனி ஷெட்டுக்கோ லைன் கொடுக்க நேர்ந்தால் செம்புக் கேபிள் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். இரண்டு கட்டடத்தின் எர்த் மட்டமும் ஒன்றாக இருக்காது, இடி மின்னல் நேரத்தில் அந்த வித்தியாசம் கேபிள் வழியாகச் சுவிட்சுக்குள் இறங்கும்.

புதுமனை:

இரு முனையிலும் ஜாக் மாற்றியாயிற்று. வெட்டிப் பார்த்தபோது பழைய பிளக்கில் 40 மி.மீ. வரை முறுக்கைப் பிரித்து நீட்டியிருந்தார்கள். இப்போது 1 ஜிபிபிஎஸ், ஐபெர்ஃபில் ஒரு திசையில் 938, மறு திசையில் 941. ஸ்மார்ட் சுவிட்ச் இரண்டு வந்துவிட்டன. கடைசியாக ஒரு சிக்கல்: இரண்டையும் செருகியதும் சில கணினிகளில் நெட் விட்டு விட்டு வருகிறது. சுவிட்சின் பக்கத்தைத் திறந்தால் சில நேரம் ரவுட்டரின் பக்கம் வருகிறது. லூப் இல்லை, விளக்குகள் சாதாரணமாகத்தான் மின்னுகின்றன.

மூலைராக்:

ரவுட்டர் ஐபி 192.168.0.1 தானே? சில ஸ்மார்ட் சுவிட்சுகள் தொழிற்சாலையிலிருந்து அதே எண்ணோடுதான் வரும். உங்களிடம் இப்போது ஒரே முகவரியில் மூன்று பெட்டி இருக்கின்றன. "192.168.0.1 யார்?" என்று கணினி கேட்கும்போது யாருடைய பதிலை அது பதிந்துகொள்கிறதோ அவர்களிடம் போகிறது.

இரண்டு சுவிட்சையும் நெட்வொர்க்கிலிருந்து பிடுங்குங்கள். ஒன்றை மட்டும் எடுத்து மடிக்கணினியோடு நேரே இணையுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, மடிக்கணினிக்கு 192.168.0.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுங்கள். சுவிட்சின் பக்கத்தைத் திறந்து டிஎச்சிபி கிளையன்ட்டை (ரவுட்டரிடம் தானாக முகவரி வாங்கும் அமைப்பை) அணைத்து, ஐபியை 192.168.0.2 ஆக்குங்கள், பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றுங்கள். சேமி என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தாவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். அடுத்த சுவிட்சுக்கு 192.168.0.3. ரவுட்டரில் டிஎச்சிபி வரிசை 192.168.0.100-இலிருந்து தொடங்கட்டும். இரண்டு எண்ணையும் சுவிட்சின் மேலேயே சீட்டு ஒட்டி எழுதிவிடுங்கள். பிறகு மடிக்கணினியைத் தானியங்கி ஐபிக்குத் திருப்பிவிட்டு, இரண்டு சுவிட்சையும் நெட்வொர்க்கில் இணைத்ததும் எல்லாக் கணினியையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பழைய முகவரிப் பதிவு அதிலேயே அழிந்துவிடும்.

புதுமனை:

அதேதான். ரவுட்டர் 192.168.0.1. மாற்றிவிட்டேன், இரண்டு சுவிட்ச் பக்கமும் தனித்தனியாகத் திறக்கின்றன. மாடி கேமரா இரண்டும் இரவு முழுக்க விடாமல் பதிவாகியிருக்கின்றன, பிஓஇ பக்கத்தில் மாடிச் சுவிட்ச் அதிகபட்சம் 31 வாட் காட்டியது.